தயிர் சாதத்தின் மீது ஒரு குற்றப்பத்திரிகை

ரயில் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போவது, வயிறு சரியில்லாதபோது சாப்பிடுவது, கோயில் பிரசாதமாகத் தொன்னையில் வாங்குவது, கோடையில் மாவடுவோடு இரண்டு வேளையும் உள்ளே தள்ளுவது. தமிழ்நாட்டில் தயிர் சாதத்தைப் பற்றி யாரும் இதுவரை தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. காரம் இல்லை, கறி இல்லை, வம்பு இல்லை.

மீத்தேன் கணக்கு எழுதுகிறவர்களிடம் போனால்தான் சங்கதி வேறு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் மீத்தேனில் கால்நடைகளின் பங்கு சுமார் 32 விழுக்காடு, நெல் வயல்களின் பங்கு சுமார் 8. முதலாவது தயிரின் பிறந்த வீடு, இரண்டாவது சாதத்தின் பிறந்த வீடு. தாளித்த கடுகும் பெருங்காயமும் மட்டும்தான் இந்த வழக்கில் தப்பின.

சாதத்தை முதலில் விசாரிக்கலாம். வயலில் தண்ணீர் தேங்கி நிற்க நிற்க, சேற்றுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. காற்றே வேண்டாத நுண்ணுயிரிகளுக்கு அதுதான் பொற்காலம். போன போகத்தின் தாளும் வேரும் அங்கே மட்கி மீத்தேனாக மாறுகின்றன. அதில் குமிழ்விட்டு மேலே வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் உடம்புக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. சேற்றில் நிற்கும் வேருக்கு மூச்சு அனுப்புவதற்காகப் பயிர் வைத்துக்கொண்ட குழாய், திரும்பும் வழியில் மீத்தேனுக்கு ஸ்ட்ராவாகிவிடுகிறது. வரப்பில் நின்று செல்ஃபி எடுத்து ‘சுத்தமான காற்று’ என்று பதிவு போடுகிறவருக்குக் காலடியில் நடப்பது தெரிய வாய்ப்பில்லை.

அடுத்தது தயிர். மாடு என்றதும் பொதுஜனம் அதன் பின்பக்கத்தைத்தான் சந்தேகிக்கிறது. அது அபாண்டம். மாட்டின் நான்கறை வயிற்றில் முதல் அறையில் புல்லும் வைக்கோலும் நொதிக்கும்போது பிறக்கும் மீத்தேன், பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியேதான் வெளியேறுகிறது. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 19 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளும் ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் இருந்தன. ஏப்பத்துக்குப் பஞ்சமில்லை.

மீத்தேன் என்ன அவ்வளவு பெரிய கொம்பா என்றால், ஆமாம். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. ஆனால் அதன் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகள்தான். இன்று குறைத்தால் பலனைப் பேரப்பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, நாமே பார்த்துவிடலாம்.

இந்த விவரமெல்லாம் சென்னையின் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பிரியாணி மணக்கும் நேரம்.

“பூமியைக் காப்பாத்தணும்னா கறியை விடணும் சார்” என்று மூன்றாவது மாடிக்காரர் ஒரு படத்தைப் போட்டார். பரம்பரைச் சைவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, குழுவில் நீளமான பதிவுகளுக்குப் பேர்போனவர். தரைத்தளத்துக்காரருக்கு நேரடியாகப் பெயர் சொல்லாமல் விழுந்த அடி அது. அவர் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, தேட ஆரம்பித்தார்.

அவர் கையில் கிடைத்தது, ஜோசஃப் பூர், தாமஸ் நெமசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி, 40 வகை உணவுப் பொருள்களுக்கு ஜாதகம் கணித்திருந்தார்கள். இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டின் கறிதான் பட்டியலில் உச்சம், சந்தேகமே இல்லை. ஆட்டுக்கறியும் மேலேதான். ஆனால் கோழிக்கு மேலே, ஆட்டுக்குச் சற்றுக் கீழே, அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது சீஸ்.

“சார், நேத்து உங்க வீட்டுக்கு வந்த டபுள் சீஸ் பீட்சா என்னோட சிக்கனைவிட அதிகம் புகை விடுதாமே?”

மூன்றாவது மாடியில் சற்று நேரம் ‘டைப்பிங்’ என்று வந்தது. பிறகு நின்றது. பிறகு வந்தது. “அது பேரனுக்கு” என்ற பதிலோடு அந்தச் சுற்று முடிந்தது. ஒரு கிலோ பனீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும் என்பதைத் தரைத்தளத்துக்காரர் அடுத்த சண்டைக்காகக் கையிருப்பில் வைத்துக்கொண்டார்.

நடுவில் இரண்டாவது மாடி நுழைந்தது. “சைவம் அசைவம் விஷயமே இல்லை, உள்ளூர்ப் பொருளா வாங்கணும், அவ்வளவுதான்.” இப்படிச் சொன்னவர், வாரந்தோறும் காரை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் இயற்கைப் பண்ணைக்குப் போய் நான்கு கட்டுக் கீரை வாங்கி வருகிறவர். அதே ஆய்வு அவர் காலையும் வாரியது. பெரும்பாலான உணவுகளின் மொத்தப் புகையில் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. விமானமேறி வரும் பழங்காய்கள்தான் விதிவிலக்கு. கப்பலிலும் லாரியிலும் வரும் உணவு, கிலோ கணக்கில் பங்கிட்டால் சொற்பப் புகையோடு வந்துவிடுகிறது. தனி கார் அமர்த்திக்கொண்டு வரும் முளைக்கீரைக்கு அந்தச் சலுகை இல்லை.

அப்படியானால் என்னதான் சாப்பிடுவது? அதற்கும் ஒரு பட்டியல் உண்டு. ‘ஈட்-லான்செட்’ ஆணையம் 2019இல், பூமியும் தாங்கும் மனிதனும் தாங்கும் உணவு எது என்று கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்தது. நாளொன்றுக்குக் காய்கறி 300 கிராம், பழம் 200, பாலும் பால்பொருள்களும் 250, கோழி 29, முட்டை 13. காலையில் ஒரு டம்ளர் காபி, மதியம் ஒரு கரண்டித் தயிர் என்று மூன்றாவது மாடிக்காரர் இதில் சௌகரியமாக அடங்கிவிடுகிறார், பீட்சா வராதவரை. சிக்கல் முட்டையில். 13 கிராம் என்றால் வாரத்துக்கு ஒன்றரை முட்டை. மீதி அரையை என்ன செய்வது என்று தரைத்தளத்தில் ஆலோசனை நடந்தது. “ரெண்டு வாரத்துக்கு மூணுன்னு வெச்சுக்கப்பா” என்று பள்ளிக்கூடம் போகும் மகள் தீர்த்துவைத்தாள்.

தயிர் சாதத்துக்கும் வக்கீல் வேண்டும். உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசி விளைய, கரியமில வாயுக் கணக்கில் சுமார் 4 கிலோ, ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 3 கிலோ. நூறு கிராம் அரிசி, நூற்றைம்பது மில்லி பால் என்று வைத்தால் ஒரு தட்டுத் தயிர் சாதம் ஒரு கிலோவுக்குள் அடங்குகிறது. மாட்டிறைச்சிக்கென்றே நடக்கும் பண்ணையின் கறியோ கிலோவுக்கு 60க்கு மேல். குற்றம் உண்டு, தூக்குத் தண்டனைக்குரிய குற்றமில்லை.

திருந்தவும் வழி இருக்கிறது. வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டாமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது அதில் ஒன்று. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் நட்டு, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மடையைத் திறக்கிறார்கள். மண்ணுக்குள் காற்றுப் புகுந்து மீத்தேன் பாதிவரை குறைகிறது, விளைச்சலில் பெரிதாக அடி விழுவதில்லை. மாட்டின் ஏப்பத்துக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் பல நாடுகள் மீத்தேன் குறைப்பு உறுதிமொழி எடுத்தபோது இந்தியா சேரவில்லை. சிறு விவசாயியின் சோற்றுப் பானையில் கைவைக்கிற காரியம் என்பது அதன் கவலை. நியாயமான கவலைதான்.

மீத்தேன் பட்டியலில் இன்னொரு வரி பாக்கி இருக்கிறது. குப்பையும் கழிவுநீரும்: சுமார் 20 விழுக்காடு. வயலும் மாடும் யாரோ ஒருவருடையவை என்று நழுவலாம். இந்த வரி சைவம், அசைவம், பீட்சா பாகுபாடின்றி எல்லா வீட்டு வாசலுக்கும் வருகிறது. உலகில் 2022இல் மட்டும் 105 கோடி டன் உணவு வீணானது என்றும் அதில் 60 விழுக்காடு வீடுகளில் என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொல்கிறது. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ.

எப்படி என்பதற்கு ஒரு கல்யாணப் பந்தி போதும். போதும் போதும் என்று இரண்டு கையால் இலையை மூடினாலும் விரலிடுக்கில் பாயசம் இறங்கிவிடும். சாம்பார், மோர்க்குழம்பு, ரசம் என்று மூன்று சுற்று முடிந்து, வயிறு ராஜினாமாக் கடிதம் நீட்டிய பிறகுதான் தயிருக்கு அன்னம் வரும். ஒரு வாய் எடுத்து, மரியாதைக்கு ஊறுகாயைத் தொட்டு, இலையை மடித்தால் அந்தத் தயிர் சாதம் நேராகச் சென்னையின் குப்பைக் கிடங்குகளான கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போகும். குப்பை மேட்டின் அடியில், காற்றுப் புகாத இடத்தில், மறுபடியும் அதே வகை நுண்ணுயிரிகள் காத்திருக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கில் பிடித்த தீ அணைய நாள்கணக்கில் ஆனது.

வாட்ஸ்அப் குழுவில் இந்த இடத்தில் அபூர்வமான ஒற்றுமை பிறந்தது. வளாகத்திலேயே மட்குரக் குழி போடலாமா என்று அசோசியேஷன் செயலாளர் கேட்க, மூன்றாவது மாடி, தரைத்தளம், கீரைக்காரர் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். குழி யார் வீட்டு ஜன்னலுக்குக் கீழே என்று அவர் அடுத்துக் கேட்ட கேள்விக்கு இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.