டாப்பு முசியே

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் மணி ஓய்ந்ததும் எங்கள் வீதியில் இன்னொரு சத்தம் கேட்கும். பிளாஸ்டிக் ஸ்டூலைத் தரையில் தரதரவென்று இழுக்கிற சத்தம். டாப்பு முசியே வண்டி கழுவ வந்துவிட்டார்.

பெயர் நாங்கள் வைத்தது. 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைக் கொடுத்துவிட்டு மூட்டை கட்டியபோது, 'ஐயா' என்று பொருள்படும் 'முசியே'வை மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். மரியாதைக்கும் கிண்டலுக்கும் ஒரே சொல் போதும் என்பதால் நாங்களும் திருப்பி அனுப்பவில்லை. இந்த முசியே எங்கள் வீதிக்கு மட்டும் சொந்தமில்லை. முத்தியால்பேட்டையில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன், லாஸ்பேட்டையில் ஒரே தெருவில் இரண்டு பேர். உயரமான வண்டி வாங்கிய உயரமில்லாத மனிதர் என்றால் எங்கேயும் அடையாளம் தெரியும்: வலது தோள்பட்டை மட்டும் எப்போதும் நனைந்திருக்கும்.

எங்களவர் ஐந்தடி மூன்று அங்குலம். வண்டி ஸ்கார்ப்பியோ. அதன் உயரம் 1,995 மில்லிமீட்டர், நம் கணக்கில் ஆறரை அடி. ஷோரூமில் இந்த ஒன்றேகால் அடி வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. போனவுடன் உள்ளே ஏற்றி உட்கார வைத்துவிடுகிறார்கள். உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் உயரம்தான். அவருடைய அப்பா வைத்திருந்தது அம்பாசிடர். அதன் டாப்பு சுமார் ஐந்தேகால் அடி, அதாவது சரியாக முசியேவின் உச்சந்தலை. இந்தப் பக்கம் நின்று பாதி, அந்தப் பக்கம் போய் மீதி, முடிந்தது வேலை. 2014இல் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்தினார்கள். குள்ளமானவர்களைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை.

எட்டாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதானே என்று நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவனிடம் முதுகை விட்டுவிடு என்று சொன்னதுபோல என்னைப் பார்த்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வண்டியில் அதிகமாக வெயில் குடிப்பது டாப்பு. கடல் நாலு தெரு தள்ளி இருப்பதால் இரவெல்லாம் உப்புக்காற்று படிவதும் அங்கேதான். போதாததற்கு வண்டி நிற்பது பாதாம் மரத்தடியில். மரத்தில் காக்கைகள். எச்சம் காய்ந்தால் அதிலிருக்கும் அமிலம் பெயிண்டின் மேல்பூச்சை அரித்துத் தழும்பு போட்டுவிடும். அழுக்கு மேலிருந்து கீழேதான் வழியும் என்பதால் கழுவுவதையும் டாப்பில்தான் தொடங்க வேண்டும். கீழே பளபளவென்று துடைத்து முடித்துவிட்டு மேலே கை வைத்தால், துடைத்ததெல்லாம் மறுபடி சேறு.

முதலில் அவர் நம்பியது டயரை. லுங்கியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு பின் டயரில் ஏறுவார். ஈர ரப்பரும் ஈர ரப்பரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும், மடித்துக் கட்டிய லுங்கியோடு ஒருவர் டயரில் ஏறி நிற்பதை ஞாயிறு காலை இட்லிக்கு முன் பார்ப்பது எதிர்வீட்டுக்காரர்களுக்கு நல்லதல்ல. பிறகு கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பில் நின்றார். இதில் உயரம் கிடைத்தது. ஆனால் கதவு திறந்தே இருந்ததால் ஷாம்புத் தண்ணீரில் பாதி டாப்பிலும் பாதி டிரைவர் சீட்டிலும் போயிற்று. திங்கட்கிழமை முசியே வங்கிக்குப் போனபோது பின்பக்கம் ஈரமாக இருந்ததற்கு வேறு காரணம் கற்பித்தவர்கள் இந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

எதில் ஏறினாலும் ஒரு தொல்லை மட்டும் மாறுவதில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கித் தேய்த்தால் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி, அக்குளில் கொஞ்சம் தங்கி, இடுப்பில் வெளியே வரும். வண்டி குளிக்கும் முன் அவர் குளித்துவிடுவார்.

ஏணியும் வைத்துப் பார்த்தார். நுனி இரண்டிலும் பழைய வேட்டியைச் சுற்றி, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல வண்டிமேல் சாய்த்தார். டாப்புத் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவருடைய கனம் அப்படியல்ல. மூன்றாவது படியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் அப்படியே இறங்கி வந்து ஏணியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

பாரிசில் இருக்கும் மகன் இதைக் கேள்விப்பட்டு, விடுமுறைக்கு வரும்போது மடக்கி வைக்கும் அலுமினிய மேடை ஒன்றை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தான். அகலமாக, ஆடாமல், கால் நாலிலும் வழுக்காத ரப்பரோடு, இதற்கென்றே செய்த பொருள். அது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீதிக்கு வந்தது. மூன்றாம் வாரம் முசியேவின் மனைவி அதில் ஏறிப் பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுத்தார். அத்தோடு அது சமையலறைச் சொத்தாகிவிட்டது.

"வண்டி வாரத்துக்கு ஒருநாள். எனக்குத் தெனமும் வேணும்" என்றார் அம்மையார். முசியே ஸ்டூலுக்குத் திரும்பினார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு முன்னோர்கள் விட்டுப்போன மேடை ஒன்று உண்டு. தமிழர் பகுதி வீடுகளில் வீதியைப் பார்த்துத் திண்ணையும் அதன்முன் மரத்தூண் வைத்த தாழ்வாரமும் இருக்கும். இப்போது பலவற்றை இடித்தாகிவிட்டது, சில இடங்களில் வண்டி நிறுத்தவே. முசியே வீட்டில் திண்ணை பிழைத்திருக்கிறது. வண்டியை ஒட்டினாற்போல் நிறுத்தித் திண்ணைமேல் நின்றால் டாப்பின் பாதி, கல்யாணப் பந்தி இலைபோலக் கைக்கெதிரே விரிந்து கிடக்கும். மறுபாதிக்கு? வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும். டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது வரைந்த சதுரங்கக் கட்டம் நம் வீதிகள். அவற்றில் பலவற்றை நாம் ஒருவழிப்பாதை ஆக்கிவிட்டோம். ஆகவே டாப்பில் பாதி நுரையோடு நாலு வீதி சுற்றி, சுற்றுலா வந்த பெங்களூர் வண்டிகளுக்கெல்லாம் வழிவிட்டு அவர் திரும்பி வந்தபோது, கழுவிய பாதியில் ஊர்ப் புழுதி ஒட்டியிருந்தது. அவர் நிறுத்தியிருந்த இடத்தில் பெங்களூர் வண்டி ஒன்று நின்றிருந்தது.

அன்றோடு வண்டியை நகர்த்துவதையே விட்டுவிட்டார். இடம் போனால் கிடைக்காது. கடற்கரைச் சாலையிலோ மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். பெரிய மார்க்கெட்டுக்கு சைக்கிளே வசதி. எனவே வண்டி ஓடுவதில்லை, கழுவப்படுகிறது.

வாட்டர் சர்வீசுக்கு அனுப்பலாமே என்று கேட்காதவர் இல்லை. அங்கே பையன்கள் வெறுங்காலோடு பஸ் டாப்பிலேயே நடப்பார்கள். எந்த இடத்தில் கால் வைத்தால் தகடு அமுங்காது என்று அவர்கள் பாதத்துக்குத் தெரியும். முசியேவுக்கு அதுவே பயம். "நம்ம வண்டி மேல இன்னொருத்தன் காலா?" என்பார்.

ஒருநாள் ஸ்டூல்மேல் நின்றபடியே மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியை நினைத்துக்கொண்டார். புது வண்டிக்கு அங்கேதான் பூஜை போட்டார், எலுமிச்சம்பழம் நசுக்கினார், லட்சுமியின் தும்பிக்கை இவர் தலையில் ஆசீர்வாதம் வைத்தது. 2022 நவம்பர் 30 காலை நடந்துபோகும்போதே அவள் விழுந்து செத்ததும், ஊரே அழுததும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

"அது எவ்ளோ உசரம்! பாகன் ஒரு சொல்லு சொன்னா படுத்துக்கும். இந்தப் பக்கம் தேய்ச்சா, அந்தப் பக்கம் திரும்பிக்கும்" என்றவர், வண்டியை ஒரு தட்டுத் தட்டி, "இது படுக்குமா?" என்றார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. ஷாம்புவாகவும் இருக்கலாம்.

ஒட்டடைக் கோல் போன மாதக் கண்டுபிடிப்பு. நுனியில் மஞ்சள் பஞ்சு ஒன்றைச் சணலால் கட்டிக்கொண்டு தரையில் நின்றே தேய்த்தார். பார்க்கத் தோணி ஓட்டுகிறமாதிரி இருந்தது. தான் தேய்க்கும் இடம் அவருக்குத் தெரியாதே, வழிகாட்ட ஆள் வேண்டாமா? எதிர்வீட்டு மாடி ஆயா அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். வடாம் காயவைத்துவிட்டுக் காக்கை ஓட்டுகிற சாக்கில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "எடது பக்கம் தம்பி... இன்னும் எடது..." என்பார். ஆயாவுக்கு இடது முசியேவுக்கு வலது என்பதை இருவரும் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரமாயிற்று. அதற்குள் கோலின் நுனி வெறுமையாகியிருந்தது. பஞ்சைக் காணோம். வண்டிக்கு அடியில் தேடினார், வாய்க்காலில் தேடினார். கடைசியில் காக்கைமேல் பழியைப் போட்டுவிட்டு வேறு பஞ்சு வாங்கி வந்தார்.

போன ஞாயிறு ஆயா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. மிதவையைப் பார்க்க முசியேவைக் கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன். மொட்டை மாடியில் வேலையை முடித்துவிட்டு அவர் கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். வாங்கி நாலு வருஷமாகிறது. அவர் தன் வண்டியின் டாப்பை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்குப் பளபளவென்று மின்னியது. நடுவில் பாய் விரித்தாற்போல் நீளமாக ஓர் அழுக்குத் திட்டு. அதற்கும் நடுவில், வெயிலில் காய்ந்து சுருங்கி, மஞ்சள் பஞ்சு.

முசியே வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "ஆயா, தெனம் பாக்கறீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

ஆயா வடாத்தைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்: "திருஷ்டிக்கு வெச்சிருக்கேன்னு இல்ல நெனச்சேன், தம்பி!"