தோத்த சண்டையின் பேரை வச்ச கப்பல்

ஏலே பேராண்டி, மொகத்தை ஏன் இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க? செல்போன்ல பாத்துக்கிட்டிருந்த தொடரைப் பாதியில நிறுத்திட்டானுவளாம், அதுக்கு நீ ஊரு பேரு தெரியாதவன்கிட்டல்லாம் கையெழுத்து வாங்குதியாம். ஆச்சி சொன்னா. ரெண்டு வேளையாச் சோறும் எறங்கலியாம். எங்கப்பா செத்த அன்னிக்குக்கூட நான் மத்தியானம் சாப்பிட்டேன்லே.

சரி, கையெழுத்து வேட்டையைச் சித்த ஓரமா வை. போன பொங்கலுக்கு நீயே ஒரு ஆகாயக் கப்பல் படம் போட்டுக் காட்டுனியே, ‘செரினிட்டி’ன்னு. அதுக்கு மூலமான தொடரையும் நாலு நாளா ஓட்டுன. தாத்தா தூங்கிட்டாருன்னு நெனச்சிருப்ப. கண்ணு மட்டுந்தான் மூடியிருந்துச்சு.

மொதல்ல ஒரு தொடரைக் கொல்லுறது எப்படின்னு கத்துக்கோ. நாளைக்கு நீயும் ஒரு சேனல்ல மேனேஜராப் போயி உக்காந்தா ஒதவும். அமெரிக்காவுல ஃபாக்ஸ்காரன் 2002-ல சுத்தமாச் செஞ்சு காட்டியிருக்கான். ஜாஸ் வீடன்னு ஒருத்தர் ‘ஃபயர்ஃபிளை’ன்னு தொடர் எடுக்காரு. மொதக் கதை ரெண்டு மணி நேரம். கேப்டன் யாரு, டாக்டர் எதுக்குக் கப்பல்ல ஏறுதான், அவன் கொண்டாந்த பொட்டிக்குள்ள எதுக்கு ஒரு பொண்ணு சுருண்டு கெடக்கா, எல்லா வெவரமும் அதுலதான் இருக்கு. சேனல்காரன் பாத்துட்டு, இது வேலைக்காகாது, சண்டையும் ஓட்டமுமா வேற ஒண்ணு கொண்டான்னுட்டான். வீடனும் கூட்டாளி டிம் மினியரும் சனி ஞாயிறுல உக்காந்து ஒரு ரயில் கொள்ளைக் கதையை எழுதிக் குடுத்தாவ. செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை ராத்திரி, ஊரே வெளிய சுத்தப் போற நேரம் பாத்து அதைப் போட்டான். மொதக் கதையை எப்பப் போட்டான்னு கேளு. டிசம்பர் 20. தொடரை நிறுத்தியாச்சுன்னு சொன்னதுக்கு அப்புறம். கருமாதி அன்னிக்கு வளைகாப்பு வச்ச கதைதான்.

நடுவுல பேஸ்பால் மேட்ச் வந்தா தொடருக்கு லீவு. எடுத்தது 14, போட்டது 11. அப்புறம் பாக்க ஆளு இல்லைன்னு கடையைச் சாத்திட்டான். வாசலை முள்ளு வச்சு அடைச்சிட்டு, விருந்தாளி எவனும் எட்டிப் பாக்கலைன்னு கொறை பட்ட மாதிரி.

எனக்கு அந்தத் தொடர் புடிச்சுது. மாட்டுக்காவ. ஐந்நூறு வருசம் கழிச்சு நடக்குற கதை, கெரகம் விட்டுக் கெரகம் போற கப்பல், அதுக்குள்ள ஒரு மந்தை மாட்டை ஏத்துதானுவ! எறக்கி வித்துக் காசு பாக்கணும்ல. சாணியை யாரு அள்ளுவான்னு கேட்டேன், நீ உச்சுக் கொட்டிட்ட. மத்தக் கப்பல் படத்துல எல்லாம் தரை கண்ணாடி மாதிரி இருக்கும், ஒருத்தனுக்கும் பசிக்காது. இதுல அடுப்பங்கரை இருக்கு, மரத்துல ஒரு சாப்பாட்டு மேசை, சுவத்துல பூ வரைஞ்சிருக்கு. ஓட்டுற பய வாஷ், ஸ்டியரிங்குக்கு முன்னால பொம்மை டைனோசரை நிறுத்தி வச்சு வெளையாடுதான். வெளிய குண்டு வெடிச்சாலும் சத்தம் வராது, ஆகாயத்துல காத்து கெடையாதுன்னு அவ்வளவு ஒழுங்கு. கோவம் வந்தா மட்டும் எல்லாரும் சீன பாஷையில வைதானுவ. டிவிக்காரன் கத்தரிக்கு மாட்டாம வையத் தோதா இருந்துச்சு. ஆனா கப்பல்ல ஒரு சீனன் கெடையாது. பாஷையை மட்டும் ஏத்திக்கிட்டு ஆளைத் தரையிலயே விட்டுட்டாவ.

கேப்டன் மால் இருக்கான்லா, நேத்தன் ஃபிலியன் நடிச்சது, அவன்தான் என் ஆளு. அரசாங்கத்தை எதுத்துச் சண்டை போட்டு, செரினிட்டிங்கிற பள்ளத்தாக்குல தோத்துப் போனவன். ஓட்டைக் கப்பல் ஒண்ணை வாங்கி, அதுக்கு என்ன பேரு வச்சான்? தோத்த எடத்தோட பேரு. எந்தக் கிறுக்கனாவது தேர்தல்ல டெபாசிட் போன தொகுதிப் பேரை வீட்டு வாசல்ல எழுதி வைப்பானா? அவன் வச்சான். அப்பவே இந்தக் கதையோட சாதகம் எழுதியாச்சு.

இப்ப உன் ஆளுவகிட்ட, அதான் அந்தத் தொடரோட ரசிகர் கும்பலுகிட்ட, வருவோம். பிரவுன்கோட்டுன்னு பேரு வச்சுக்கிட்டானுவ. கதையில தோத்த படைக்காரன் போட்டிருந்த பழுப்புக் கலரு கோட்டு. பேருலகூட தோத்த பக்கத்தையே புடிச்சானுவ பாத்தியா. வரி போட்டு ‘வெரைட்டி’ பத்திரிகையில விளம்பரம் குடுத்தானுவ, தபால் அட்டை எழுதுனானுவ. ஒண்ணும் அசையல. 2003 டிசம்பர்ல டிவிடி வந்துச்சு. அதுல 14 கதையும் வரிசையா இருந்துச்சு. கொஞ்ச மாசத்துல ரெண்டு லட்சத்துக்கு மேல வித்துட்டு. அட்டைக்கு அசையாதவன் ரொக்கத்துக்கு அசைஞ்சான்: யுனிவர்சல் கம்பெனி, படமா எடு, 39 மில்லியன் டாலர் தாரேன்னுட்டான். ஒடச்சுப் போட்ட கப்பல் செட்டை டிவிடியைப் பாத்துப் பாத்து 14 வாரத்துல மறுபடி கட்டுனானுவ. படம் தொடங்குன கொஞ்ச நேரத்துல கேமரா கப்பலோட மூக்குல இருந்து வாலு வரைக்கும் கேப்டன் பின்னாலயே வெட்டாம நடந்து போகும், ஞாபகம் இருக்கா? புதுசா வந்தவனுக்கு வீடு சுத்திக் காட்டுன மாதிரியும் ஆச்சு, பழைய ஆளு கண்ணைத் தொடச்சுக்கிட்ட மாதிரியும் ஆச்சு.

செத்ததை எழுப்பித் தான்னு கேட்டா, எழுப்புறவன் கூலி கேப்பாம்லா. கூலி வாஷ். கப்பல் எஞ்சின் போயி, கல்லு விழுந்த மாதிரி விழுது. அந்தப் பய அதை மெதக்க விட்டு, தரையைத் தேச்சு நிறுத்திட்டான். அப்பாடான்னு பேச வாயெடுக்கான், பேச்சு முடியல, கண்ணாடியை ஒடச்சுக்கிட்டு வந்த ஈட்டி நெஞ்சுல எறங்கிட்டு. பொண்டாட்டி ஸோயி, எந்திரி எந்திரின்னு உலுக்குதா. நீ அன்னிக்கு தண்ணி குடிக்கப் போற மாதிரி எந்திரிச்சுப் போன. மூக்கை உறிஞ்சுன சத்தம் எனக்குக் கேட்டுச்சுலே. தொடர் செத்தே கெடந்திருந்தா அந்தப் பய டைனோசரோட என்னைக்கும் வெளையாடிக்கிட்டு இருந்திருப்பான். உங்க கும்பல் கேட்ட வரம் அவன் தலையில விடிஞ்சுது.

கதையோட முடிச்சு என்ன? மிராண்டான்னு ஒரு கெரகம். ஜனம் அடிச்சுக்காம அமைதியா இருக்கட்டும்னு அரசாங்கம் காத்துல மருந்தைக் கலந்து விடுது. அமைதின்னா அமைதி, மூணு கோடி பேரு வேலைக்குப் போவல, எந்திரிக்கல, சாப்பிடல, உக்காந்த எடத்துலயே போயிட்டாவ. ஆயிரத்துல ஒருத்தனுக்கு மட்டும் மருந்து தலைகீழா வேலை செஞ்சு, மனுசனைக் கடிச்சுத் திங்குற வெறி புடிச்சுட்டு. நீ ரெண்டு வேளையா எந்திரிக்காமச் சாப்பிடாமக் கெடக்குறதைப் பாத்து ஆச்சிக்கு அந்தப் பயந்தான். எனக்கு ரெண்டாவது வகைதான் பயம், அதான் தள்ளி உக்காந்திருக்கேன்.

வசூல்? 2005 மே மாசத்துல இருந்தே, பத்து ஊர்ல தொடங்கி, முன்கூட்டியே போட்டுக் காட்டுனானுவ. டிக்கெட் பறந்துச்சு. கம்பெனிக்காரனுக்கு ஒரே குசி. ஒருத்தனே பந்தியில மூணு தடவை உக்காந்தா மூணு எல விழும். வந்த தலை ஒண்ணுதாம்லே. செப்டம்பர் 30 ரிலீஸ், மொத வாரக் கடைசியில பத்து மில்லியன், ரெண்டாவது எடம். மொத எடம் எது தெரியுமா? ஜோடி ஃபாஸ்டர் நடிச்ச ‘ஃபிளைட்பிளான்’. சாதா ஏரோப்பிளேன்! கெரகம் தாண்டுற கப்பலை அட்லாண்டிக் தாண்டுற பிளேன் முந்திட்டு. ஒலகம் பூராச் சேத்து 40 மில்லியன் சொச்சம். தியேட்டர்காரன் பாதியை எடுத்துக்கிட்டா போட்டவன் கையில என்ன மிஞ்சும்? ரெண்டாம் பாகம் வரல. அடுத்த வருசம் ஹ்யூகோ விருது குடுத்தாவ. விருதை வச்சு டீசல் போட முடியாது.

இதுல உன் ஆளுவ பண்ணுன ஒரு வேலைக்குத்தான் நான் சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறுனேன். படத்துக்கு விளம்பரம் பண்ணுங்க பண்ணுங்கன்னு தட்டிக் குடுத்த கம்பெனி, 2006-ல, எங்க படத்தை வச்சு பனியன் அடிச்சு விக்காதீயன்னு ஒரு ரசிகைக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டு. பயலுவ சும்மா இருந்தானுவளா? நாங்க ஓசியில ஒழைச்சது 28,000 மணி நேரத்துக்கு மேல, கூலி 20 லட்சம் டாலருக்கு மேலன்னு கம்பெனிக்குப் பில்லு அனுப்பிட்டானுவ! நீ கையெழுத்து வாங்குத சரி, மணிக்கணக்கு எழுதி வச்சிருக்கியா?

அந்தப் பேரு மட்டும் அடங்கல பாத்துக்கோ. 2007-ல ஸ்டீவன் ஸ்வான்சன்னு ஒரு விண்வெளி வீரர் தொடர், படம் ரெண்டு டிவிடியையும் நெசமான ஆகாயத்துக்கே, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டு போயிட்டாரு. 2009-ல நாசாக்காரன் அங்க புதுசாச் சேக்குற ஒரு அறைக்குப் பேரு வைக்க ஓட்டெடுப்பு நடத்துனான். குடுத்த நாலு பேருல செரினிட்டியும் ஒண்ணு, அதுதான் முன்னால போச்சு. சந்தோசமா இருந்தானுவ. அப்ப டிவியில காமெடி பண்ணுற ஸ்டீபன் கோல்பேர், என் பேரை எழுதிப் போடுங்கன்னு சும்மா சொல்லி வச்சாரு. அவர் 40,000 ஓட்டுக்கு மேல முந்திட்டாரு! தோத்த பேரு ஆகாயத்துலயும் தோத்துச்சு. நாசாக்காரன் ரெண்டு பேருக்கும் இல்லாம அறைக்கு ‘ட்ராங்குவிலிட்டி’ன்னு வச்சுட்டான். கோல்பேர் பேரு அங்க இருக்குற ஓடுற மெஷின் ஒண்ணுக்குப் போச்சு. செரினிட்டின்னாலும் அமைதிதான், ட்ராங்குவிலிட்டின்னாலும் அமைதிதானாம், நீதான் சொன்ன. அர்த்தத்தைக் குடுத்துட்டுப் பேரைப் புடுங்கிக்கிட்டான்.

சரி, போனைக் கொண்டா, நானும் ஒரு கையெழுத்துப் போடுதேன். தொடரை எழுப்பிட்டு வந்தா எவன் சாவானோ, அது அவன் விதி. எங்க அமுக்கணும்? இங்கயா? இரு இரு. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. மாசம் பூரா உக்காந்து பாத்தியே, அது யாரு பாஸ்வேர்டுல?