மூன்று மணிக்குக் கதவடைத்த காலம்

நான் முதன்முதலில் போன 1986-லேயே ஜார்ஜ் பாதிச் சத்திரம்தான். லண்டன் பாலத்தைத் தாண்டித் தெற்கே இறங்கும் போரோ ஹை ஸ்ட்ரீட்டில், அவசரமாக நடப்பவர் கண்ணில் படாத ஒரு வாயில். உள்ளே போனால் முற்றம். முற்றத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், மரக் கிராதி வைத்த மாடித் தாழ்வாரங்களோடு, நேராக நிற்பதை என்றோ கைவிட்டுவிட்ட நீளமான கட்டடம். எங்கள் அலுவலகத்து மூத்த பொறியாளர் ஒருவர், தாடியும் முழங்கையில் நூல் விட்ட ஸ்வெட்டருமாகத் திரிபவர், என்னை அங்கே அழைத்துப்போனார். இருக்கிற பக்கத்தைக் காட்டுவார் என்று பார்த்தால், முற்றத்தின் நடுவே நின்றுகொண்டு இல்லாத பக்கங்களையே காட்டிக்கொண்டிருந்தார். அங்கேதான் எதிர்த் தாழ்வாரம், அதோ அங்கே லாயம் என்று அவர் விரல் போன திசையில் வெறும் காற்றும் ஒரு குப்பைத் தொட்டியும் இருந்தன. நல்ல மனுஷர், ஆனால் கொஞ்சம் கழன்ற கேஸ் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். போன கோடையில் அக்கா மகனை அதே முற்றத்துக்குக் கூட்டிப்போய் நான் கை நீட்டிக் காட்டியதெல்லாமும் இல்லாதவைதான். அவனும் என்னை அப்படிக் குறித்துக்கொண்டிருப்பான், மரியாதைக்குச் சொல்லவில்லை.

லண்டனுக்கு ஒரே பாலம் இருந்த காலத்தில் இரவானால் பாலத்து வாயிலைச் சாத்திவிடுவார்கள். கென்ட், டோவர் பக்கமிருந்து வருகிறவர்கள் நேரம் தப்பினால் தென்கரையிலேயே இராத்தங்க வேண்டியதுதான். அதனாலேயே அந்தத் தெருவில் சத்திரத்துக்கு அடுத்து சத்திரம் என்று வரிசை. கவிஞர் சாஸரின் யாத்ரீகர்கள் காண்டர்பரிக்குப் புறப்பட்ட டபார்ட் ஒரு பக்கம். டிக்கன்ஸின் சாம் வெல்லர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டபடி அறிமுகமாகும் ஒயிட் ஹார்ட் இன்னொரு பக்கம். இலக்கியத்தில் அவ்வளவு பெயர் வாங்கிய அவை இரண்டும் இடிபட்டு மண்ணாகிவிட்டன. 1676-ல் தீயில் எரிந்து மறுவருடம் திரும்பக் கட்டப்பட்ட ஜார்ஜ், டிக்கன்ஸின் 'லிட்டில் டாரிட்'டில் பெயரளவுக்கு எட்டிப்பார்த்ததோடு சரி, அது தப்பித்துக்கொண்டது. தாழ்வாரத்தோடு லண்டனில் மிஞ்சிய கோச்சு வண்டிச் சத்திரம் அது ஒன்றுதான். கூத்து என்னவென்றால், கோச்சு வண்டியை ஒழித்ததும் ரயில், பிறகு ஜார்ஜை சரக்கு டிப்போவாக வைத்துக்கொண்டதும் ரயில் கம்பெனி. கிடங்கு கட்டுவதற்காக இரண்டு பக்கங்களை இடித்தவர்கள் மூன்றாவதை மட்டும் என்ன நினைத்தோ விட்டுவைத்தார்கள். 1937-ல் அது நேஷனல் டிரஸ்டின் கைக்கு வந்தது. இன்றைக்கு அங்கே சாயங்காலக் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டுவது எது என்கிறீர்கள்? பக்கத்திலிருக்கும் லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையம்.

கோச்சுப் பயணிகள் காத்திருந்த அறைதான் இப்போதைய பழைய பார். அதன் சுவரில் 'பார்லிமெண்ட் கடிகாரம்' என்கிற பெரிய முகக் கடிகாரம் ஒன்று உண்டு. 1797-ல் பிரதமர் பிட் கடிகாரங்களுக்கு வரி போட்டார். ஜனங்கள் தங்கள் கடிகாரங்களை ஒளித்துவைத்துவிட்டுச் சத்திரத்தில் மணி பார்த்துக்கொண்டார்கள். அதற்காக வந்ததுதான் இது என்று என் தாடிக்காரர் சொன்னார். வரியை அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள் என்பதும், இந்த மாதிரிக் கடிகாரங்கள் வரிக்கு முன்பே சத்திரங்களில் தொங்கின என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தன. அக்கா மகனிடம் பழைய கதையைத்தான் சொன்னேன். நல்ல கதை, வீணாக்குவானேன்.

அந்தக் காலத்தில், அதாவது என் அந்தக் காலத்தில், ஜார்ஜில் ஒரு பைண்ட் பீர் வாங்குவது ஒரு சடங்கு. நீங்களாக எழுந்துபோய், வரிசை என்று கண்ணுக்குத் தெரியாத வரிசையில் உங்கள் இடத்தைப் பிடித்து, கவுண்டருக்கு அந்தப்புறம் இருக்கிற அம்மாள் உங்களைப் பார்க்கும்வரை நீங்கள் அவரைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் நீண்ட மரக் கைப்பிடியைப் பிடித்து, எங்கள் தெரு அடிபம்பில் குடம் நிரப்புகிற மாமிகளின் அதே தோள் அசைவோடு இழுப்பார். கீழே நிலவறையிலிருந்து பழுப்பு நிறத்தில் பீர் ஏறி வரும். இது உயிருள்ள பீர் என்று தாடிக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் இருந்து இரண்டாம் முறை நொதிக்கும். வெளியிலிருந்து வாயு ஏற்றக்கூடாது. திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். சின்னப் பீப்பாய் என்றாலே 9 காலன், 72 பைண்ட். நிலவறை 12 டிகிரியில் இருக்க வேண்டும். இங்கிலீஷ்காரன் பீரைச் சூடாகக் குடிக்கிறான் என்று உலகமே கேலி செய்யும். மெட்ராஸிலிருந்து போன எனக்கோ அது எந்த மார்கழியிலும் கண்டிராத குளிர்.

முதல் வாய் உள்ளே போனபோது என் முகம் போன போக்கைத் தாடிக்காரர் கவனிக்காதது போல இருந்தார். நானும் ரசிப்பது போல இருந்தேன். இப்படி இருவரும் நடித்துக்கொண்டே வந்ததில், ஏதோ ஒரு கார்த்திகை மாதத்துக் கூதலில், எனக்கு அது நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது. அவர் கோட்டுப் பையில் எப்போதும் 'குட் பீர் கைட்' இருக்கும். 1971-ல் அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் ஆரம்பித்த இயக்கத்தின் வேதப்புத்தகம் அது. பெரிய கம்பெனிகள் பீரை வடிகட்டி, ஈஸ்டைக் கொன்று, வாயு ஏற்றி, உலோகக் குடுவையில் அடைத்து நாடு முழுக்க ஒரே ருசியாக்கிக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்த்து இந்த நால்வரும் சங்கம் கட்டினார்கள். குடிப்பதற்காகப் போராடுகிறவர்கள் உண்டு என்பதே, குடிக்காமலிருக்கப் போராடிய காந்தியின் நாட்டிலிருந்து போன எனக்கு வேடிக்கையாக இருந்தது.

முதல்முறை ஜார்ஜுக்குப் போய்வந்த அன்றிரவு அப்பாவுக்கு ஏரோகிராம் எழுதினேன். அப்பா ஆங்கில வாத்தியார். நான்-டீட்டெயிலில் டிக்கன்ஸைச் சுருக்கிச் சொல்லியே தலை நரைத்தவர். ஜார்ஜின் நடு அறைக்குப் பழைய பெயர் காபி ரூம். டிக்கன்ஸ் அங்கே அடிக்கடி வந்ததாகச் சொல்வார்கள். அவருடைய ஆயுள் காப்பீட்டுப் பத்திரம்கூட அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. "டிக்கன்ஸ் உட்கார்ந்த காபி அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்" என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதே தெருவில்தான் டிக்கன்ஸின் அப்பாவை 1824-ல் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் போட்டார்கள் என்பதையும், பையன் பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போனதையும் சேர்த்து எழுதினேன். அந்தக் கடிதத்தை அப்பா எங்கள் தெருவில் படித்துக்காட்டாத திண்ணை இல்லை என்று அம்மா சொன்னாள். காபி எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கால ஜார்ஜில் இருந்த பெரிய சுகம், அது மூடப்படும் என்பதுதான். இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். மதியம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குத் திறப்பார்கள். இரவு பதினொன்றுக்கு மறுபடி சாத்துவார்கள். மதிய அடைப்பு முதல் உலகப் போரில் வந்தது. குண்டு செய்கிற தொழிலாளி தள்ளாடக்கூடாது என்று போட்ட சட்டம். போர் 1918-ல் முடிந்தது. மதியத் தாழ்ப்பாளை எடுக்க 1988 ஆயிற்று. அவ்வளவு காலமும் ஒரு தேசமே குண்டு செய்யப் போகவேண்டியதைப் போல மூன்று மணிக்கு எழுந்து வெளியே போனது. அந்த அவசரத்தில் ஒரு ருசி இருந்தது ஐயா. இரவு மூடப்போகும் மணி அடித்ததும் சொல்லாமல் வைத்திருந்த விஷயங்களெல்லாம் வெளியே வரும்: இன்னார் வேலையை விடப்போகிறார், இன்னாருக்குக் கல்யாணம், இன்னாருக்கு உடம்பு சரியில்லை. 2005-லிருந்து நள்ளிரவு தாண்டியும் திறந்துவைக்க அனுமதி கேட்கலாம் என்றாகிவிட்டது. நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. யாரும் எதையும் முடிவாகச் சொல்வதில்லை.

புகையையும் சொல்லவேண்டும். தாழ்ந்த கூரைக்குக் கீழே எந்நேரமும் ஒரு நீலத் திரை தொங்கும். வீட்டுக்கு வந்து சட்டையை வெளியே மாட்டிவைத்துவிட்டுத்தான் படுப்பேன், அவ்வளவு வெறுப்பு. 2007 ஜூலை 1-ம் தேதி புகை சட்டப்படி வெளியேறியது. அன்றைக்குத்தான் இங்கிலாந்தின் பப்களில் விரித்திருந்த கம்பளங்களுக்கென்று சொந்த வாசம் ஒன்று உண்டு என்பது தேசத்துக்குத் தெரியவந்தது. அந்தப் புகையைப் போய் இப்போது நான் ஏக்கத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள். நுரையீரலுக்கு ஞாபகசக்தி கிடையாது போலிருக்கிறது.

அக்கா மகன் கவுண்டருக்குப் போகவில்லை. முற்றத்து மேசையில் உட்கார்ந்தபடியே கைப்பேசியைத் தட்டி, "மாமா, ஆப்லயே ஆர்டர் பண்ணிட்டேன்" என்றான். தோள் அசைவும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஒரு பெண் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எனக்கு பிட்டர், அவனுக்கு ஆல்கஹால் இல்லாத பீர். 1986-ல் அங்கே ஆரஞ்சு ஜூஸ் கேட்டால், வாந்தி வருமோ என்று விசாரிப்பார்கள். மனிதனாக மதிக்கப்படுவதற்காக நான் குடிக்கக் கற்றுக்கொண்ட இடத்தில், இவன் குடிக்காமலே மதிப்பாக உட்கார்ந்திருக்கிறான். அன்று ஒரு பவுண்டு நாணயத்தை நீட்டினால் சில்லறை கிடைக்கும். இப்போது லண்டனில் ஒரு பைண்ட் ஆறு பவுண்டைத் தாண்டிவிட்டது. அவனுடைய ஆல்கஹால் இல்லாததும் கிட்டத்தட்ட அதே விலைதான். இல்லாததற்கும் காசு வாங்கத் தெரிந்ததை வளர்ச்சி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஒரு பம்பின் மேல் ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், என்று எழுதியிருந்ததை அவன் படமெடுத்தான். இந்தியா பெயரில் பீரா என்று ஆச்சரியம். லண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் என்கிற வடிப்பாலைக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பீர் ஏற்றி அனுப்பிய காலத்தில் தொடங்கிய கதை அது என்றேன். அனுப்பியது அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு. நமக்கு அதில் பெயர் மட்டும்தான் பங்கு. அதற்குள் அக்காவை வீடியோவில் கூப்பிட்டு முற்றத்தைச் சுற்றிக் காட்டினான். "பின்னாடி என்னடா, பழைய வீடு?" "சத்திரம்மா. மாமா கூட்டிட்டு வந்தார்." "சத்திரத்துல என்னடா சாப்பிடறீங்க?" அவன் கேமராவை மெல்லத் தாழ்வாரத்தின் பக்கம் திருப்பினான். எங்கள் வம்சத்தில் இந்தக் கலை அழியவில்லை.

தாழ்வாரத்துக்கு மேலே, 310 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி ஊசியாக ஷார்ட் கட்டடம் நிற்கிறது. பக்கத்து போரோ மார்க்கெட்டில் அன்று விடியற்காலையில் முட்டைக்கோஸ் மூட்டைகள் இறங்கும். இன்று பாலாடைக்கட்டியைச் சுரண்டிச் சுரண்டிப் படமெடுக்கிறார்கள். அருகிலேயே கிராஃப்ட் பீர் கடைகள் வந்திருக்கின்றன; அங்கே கையெல்லாம் பச்சை குத்திய பிள்ளைகள், உலோகக் குடுவையிலிருந்து வாயு ஏற்றிய குளிர்ந்த பீரை இரட்டை விலைக்கு ஊற்றித் தருகிறார்கள். தாடிக்காரர் எதை எதிர்த்து ஆயுள் முழுக்க மழையில் நின்றாரோ அதேதான். ஆனால் ருசி நன்றாக இருக்கிறது, என்ன செய்ய.

நீங்கள் லண்டன் போனால் ஜார்ஜுக்குப் போய்விட்டு வாருங்கள். மதியம் மூன்று மணிக்குப் போங்கள், உட்கார இடம் கிடைக்கும். கைப்பிடி வைத்த பம்பிலிருந்து கேளுங்கள்; அரை பைண்ட் கேட்டால் இப்போது யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. சுத்த சைவர்கள் மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்: பீப்பாய் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது அங்கே பழைய வழக்கம், அதைச் சேர்க்காத பீரும் இப்போது கிடைக்கிறது.