மலைக்கு ஏது பட்டா?

கேள்வி: 'கல்வராயன் தேன்' என்ற பெயருக்கு வர்த்தக முத்திரை கேட்டேன். ஆட்சேபத்துக்குப் பதில் எழுதினேன், விசாரணையிலும் பேசினேன். கடைசியில் நிராகரித்து உத்தரவே போட்டுவிட்டார்கள். இனி என்ன வழி?
– ஒரு தேன் வியாபாரி, வடக்கனந்தல்

பதில்: கோபத்தில் உத்தரவைக் கிழித்துக் கோமுகி அணையில் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள தேதி முக்கியம். அதே பதிவாளரிடம் மறுஆய்வு கேட்க ஒரு மாதம். மேல்முறையீட்டுக்கு, உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். இதற்கென்று சென்னையில் இருந்த தனி வாரியத்தை 2021-ல் கலைத்துவிட்டதால், இப்போது நேரே உயர் நீதிமன்றம்தான்.

சரி, அங்கே போய் என்ன சொல்வீர்கள்? உங்கள் பெயரில் மலை இருக்கிறது, தேன் இருக்கிறது; உங்களைத்தான் காணோம்! ஊர்ப் பெயரையும் சரக்கின் பெயரையும் தனியொருவருக்கு எழுதிக்கொடுக்க 1999-ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 9-வது பிரிவு லேசில் விடாது. 'சிம்லா' என்று சிகரெட்டுக்குப் பெயர் கேட்ட இம்பீரியல் டொபாக்கோவே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தோற்றது.

ஒரு சந்து உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே, அந்தப் பெயரைச் சொன்னதும் ஜனங்களுக்கு உங்கள் பாட்டில்தான் ஞாபகம் வந்தது என்று நிரூபிக்க வேண்டும். பழைய பில், விளம்பரம், விற்பனைக் கணக்கு எல்லாம் பரணிலிருந்து இறங்கட்டும். நேற்று அடித்த லேபிள் உதவாது. அமெரிக்காவில் 'புக்கிங் டாட் காம்' இப்படித்தான் வாடிக்கையாளர் கருத்துக்கணிப்போடு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020-ல் ஜெயித்தது. அவர்களுடைய வக்கீல் ஃபீஸுக்கு நம் மலைத் தேன் மொத்தமும் காணாது.

ஊர்ப் பெயருக்குப் புவிசார் குறியீடு என்று வேறு பாதை இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு அது கிடைத்திருக்கிறது. ஆனால் அது அங்கே உளி பிடிக்கிற எல்லோருக்கும் பொது. உங்கள் போட்டிக் கடைக்காரரும் பங்காளியாகிவிடுவார்.

பில் கட்டு மெலிந்திருந்தால், புதுப் பெயரில் புது விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய். தேனுக்குச் சம்பந்தமே இல்லாமல் 'கடிகாரம் தேன்' என்று வைத்தால்கூடத் தேறலாம், வேறு யாரும் முந்திக்கொள்ளாமல் இருந்தால்!