வாத்தியாரை வீட்டுக்கு அனுப்ப வந்த வெளிச்சங்கள்

ஸ்மார்ட் கிளாஸ் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் ஓர் எலும்புக்கூடு. 1659-இல் ஹாலந்து அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் தன் நோட்டில் சின்னச் சின்னதாகச் சில படங்கள் போட்டு வைத்தார். எலும்புக்கூடு நிற்கிறது. தலையைக் கழற்றுகிறது. கழற்றியதைக் கையில் வைத்துக்கொள்கிறது. மறுபடி மாட்டிக்கொள்கிறது. கண்ணாடியில் தீட்டி, விளக்கொளியில் லென்ஸ் வழியாகச் சுவரில் காட்டுவதற்கென்றே போடப்பட்ட படங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவை இவைதான். தலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்களை வகுப்பறைத் திரைகள் பிற்காலத்தில் நிறையச் சந்திக்கப் போகின்றன என்பது மனிதருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

ஹைகன்ஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. சனிக்கோளைச் சுற்றியிருப்பது வளையம் என்று கண்டு சொன்னவர். ஊசல் கடிகாரம் செய்தவர். அப்படிப்பட்டவருக்கு இந்த விளக்குப் பெட்டி மானக்கேடாகத் தோன்றியது. வந்தது வினை அப்பா உருவத்தில். ராஜதந்திரியும் கவிஞருமான அவர் தந்தை, 1662-இல் பாரிஸில் இருந்தபடி, "அந்த விளக்கை அனுப்பு, பிரெஞ்சு அரசருக்குக் காட்ட வேண்டும்" என்று கேட்டார். அரசர் என்றால் பதினான்காம் லூயி. அப்பா கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? மகன் சரி என்றார். கூடவே, அப்பாவுடன் இருந்த தம்பிக்கு ரகசியமாக ஒரு கடிதமும் எழுதினார்: பெட்டி வந்ததும் ஒரு லென்ஸை மட்டும் உருவிவிடு, படம் விழாது, இந்தக் கூத்தெல்லாம் என் கைவேலை என்று அரண்மனையில் தெரிந்தால் வெட்கக்கேடு.

"சார், ப்ரொஜெக்டர் ஒர்க் ஆகலை" என்ற வசனத்துக்கு வயது முன்னூற்று அறுபதைத் தாண்டிவிட்டது. பெட்டியைக் கெடுக்கத் திட்டம் போட்டவரும் செய்தவரும் ஒருவரே.

ரோமில் கிர்ச்சர் என்று ஒரு ஏசு சபைப் பாதிரியார். அவருக்கு இப்படிப்பட்ட கூச்சமெல்லாம் கிடையாது. 1671-இல் தன் பெரிய புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் இந்த விளக்குக்குப் படமே போட்டு விளக்கினார். சுவரில் நெருப்புக்கு நடுவில் ஓர் ஆன்மா துடிக்கிறது. பக்தர்கள் நடுங்கியிருப்பார்கள். என்ன, லென்ஸை மட்டும் படத்துக்கு முன்னால் போடாமல் பின்னால் போட்டுவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்து யாராவது ஒரு விளக்கைச் செய்திருந்தால் ஆன்மாவும் தெரியாது, நெருப்பும் தெரியாது. ஆனால் கண்டுபிடித்த பெருமையை வெகுகாலம் ஊர் அவருக்குத்தான் கொடுத்தது. செய்தவர் மறைத்தார், தெரியாதவர் அச்சடித்தார். கல்வித் தொழில்நுட்ப வரலாறு அன்றைக்குப் பிடித்த பாதையை இன்னும் விடவில்லை.

பிறகு இந்தப் பெட்டி பேய்க் காட்சி, சந்தை வேடிக்கை என்று ஊர் சுற்றியது. நல்ல குடும்பத்துப் பிள்ளையாக அது வகுப்புக்குத் திரும்பி வந்தபோது கூடவே பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியமும் வந்தது. 1902-இல் லண்டன் காலனி அலுவலகம் காட்சிவழிக் கல்விக்கு ஒரு குழு அமைத்தது. நோக்கம் எளிமையானது: ஆளப்படுகிற பிள்ளைகளுக்கு, ஆளுகிறவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று விளக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும். புவியியல் பேராசிரியர் மெக்கிண்டர் ஐக்கிய ராஜ்ஜியத்தைப் பற்றி ஏழு சொற்பொழிவுகள் எழுதிக் கொடுத்தார். முதலில் குறிவைக்கப்பட்டவை இலங்கை, மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்கள், ஹாங்காங். கிழக்கிலிருந்து லண்டனுக்குப் போகும் பயணத்தில் பாடம் தொடங்கும். கொழும்பிலும் பினாங்கிலும் வியர்வை சொட்ட பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிய அறையில், லண்டன் மாநகரின் சிறப்பைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். இதுதான் திட்டம்.

பாதியில் லண்டன்காரர்களுக்கு ஒரு யோசனை: நம் பிள்ளைகளுக்கும் அவர்களைக் காட்ட வேண்டாமா? ஹியூ ஃபிஷர் என்ற ஓவியருக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக் கொடுத்து, 1907-இல் இந்தியா, இலங்கை என்று கப்பலேற்றினார்கள். என்னென்ன எடுக்க வேண்டும் என்று மெக்கிண்டர் பட்டியலே கொடுத்திருந்தார். நாட்டின் இயல்பான தன்மை ஒரு பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியால் அதன்மேல் சேர்ந்த சிறப்புகள் இன்னொரு பக்கம். விஷயம் அவ்வளவுதான்: விடையை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுக் கேள்வியைத் தேடி உலகம் சுற்ற அனுப்பினார்கள். சுற்றுலாத் துறைகளின் விளம்பரப் படங்களுக்கெல்லாம் தாத்தா இவர்.

அடுத்து எடிசன். 1913-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், பள்ளிகளில் புத்தகத்துக்கு இனி வேலை இல்லை, எல்லாப் பாடமும் சினிமாப் படம் மூலம்தான், பத்தே வருஷத்தில் பள்ளிக்கூடம் தலைகீழாக மாறிவிடும் என்று அருள்வாக்குச் சொன்னார். அதற்கு முந்தின வருஷம்தான் அவருடைய கம்பெனி வீட்டுக்கும் பள்ளிக்கும் ஏற்ற சின்ன ப்ரொஜெக்டர் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டு வந்திருந்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1923 வந்தது, போனது. நம் ஊரில் எடிசனைப் பற்றி மூன்று தலைமுறைப் பிள்ளைகள் படித்தது எல்லாம் பாடப் புத்தகத்தில்தான்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான பெருங்கூத்து அமெரிக்காவில் 1961-இல் தொடங்கியது. தொலைக்காட்சி வந்துவிட்டது, நல்ல ஆசிரியர் ஒருவரை ஸ்டுடியோவில் நிறுத்தினால் லட்சம் பிள்ளைகள் பார்க்கலாமே என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. சிக்கல் என்னவென்றால், தொலைக்காட்சி அலை நேர்க்கோட்டில்தான் போகும், பூமியோ உருண்டை. கோபுரம் எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் கொஞ்ச தூரம்தான் எட்டும். உடனே ஒரு கூட்டத்துக்கு ஞானம் பிறந்தது: கோபுரத்தையே பறக்கவிட்டால்?

பறக்கவிட்டார்கள். இந்தியானா மாநிலத்து பர்டூ பல்கலைக்கழக விமானத் தளத்திலிருந்து டி.சி.-6 விமானம் ஒன்று கிளம்பும். மான்ட்பீலியர் என்ற சிற்றூருக்கு மேலே 23,000 அடி உயரத்துக்குப் போகும். வயிற்றிலிருந்து நீளமான ஆன்டெனா ஒன்றைக் கீழே இறக்கும். அப்புறம் பள்ளி நேரம் முழுக்க எட்டு போட்டுக்கொண்டு செக்குமாடு மாதிரி அதே இடத்தில் சுற்றும். நம் ஊரில் எட்டு போட்டால் ஓட்டுநர் உரிமமாவது கிடைக்கும். விமானத்துக்குள் வீடியோ டேப் ஓடும். ஆறு மாநிலங்களில், சுமார் 200 மைல் தொலைவு வரை, கீழே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வானத்திலிருந்து இறங்கும் கணக்கையும் அறிவியலையும் டி.வி. பெட்டியில் பிடித்துக்கொள்வார்கள். பணத்துக்குக் கவலை இல்லை, ஃபோர்டு அறக்கட்டளை இருந்தது.

ஒரு நிமிஷம் இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வகுப்பில் ஏற்கெனவே ஒரு ஆசிரியர் இருக்கிறார். நடந்து வந்தவர். அவருக்குப் பெட்ரோல் தேவையில்லை. அவரைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, நாலு இன்ஜின் விமானத்தில் இன்னொரு ஆசிரியரின் டேப்பை ஏற்றி ஆகாயத்தில் சுற்ற விடுகிறார்கள். பையனுக்கு ஒரு சந்தேகம் வந்தால்? 23,000 அடிக்குக் கை தூக்க வேண்டும். "சார், பின்னம் புரியலை" என்று கேட்பதற்குள் விமானம் எட்டின் மறுபக்கத்துக்குப் போயிருக்கும். ஒரு வகுப்பில் பாடம் வேகமாகப் போகும், இன்னொரு வகுப்பில் மெதுவாகப் போகும். விமானம் யாருக்காகவும் நிற்காது. நின்றால் விழுந்துவிடும். 1968-இல் விமானப் பாடம் நின்றுபோனது.

இதே காலத்தில் பசிபிக் பெருங்கடலில் அமெரிக்கன் சமோவா தீவுகளில் இன்னும் துணிச்சலான வேலை நடந்தது. பள்ளிகள் மோசம், ஆசிரியர்களின் ஆங்கிலம் போதவில்லை என்று ஆளுநர் ரெக்ஸ் லீ கண்டார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வருஷக்கணக்காகும், ஆகவே டி.வி. என்றார். 1964-இல் ஒளிபரப்பு தொடங்கியது. இத்தனூண்டு தீவுக்கு ஆறு சேனல்கள்! அலாவா மலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம்; அங்கே போய்வரத் துறைமுகத்தின் குறுக்கே கம்பியில் தொங்கும் பெட்டி. முக்கியப் பாடத்தை ஸ்டுடியோவில் அமெரிக்க ஆசிரியர் நடத்துவார். வகுப்பில் இருக்கும் சமோவா ஆசிரியரின் வேலை, பெட்டியை முடுக்கிவிட்டு, முடிந்ததும் கையேட்டில் எழுதியிருப்பதைச் செய்ய வைப்பது. 1966-இல் ஜனாதிபதி ஜான்சனே இறங்கி வந்து பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போனார். ஜனாதிபதிகள் விமானத்தில் ஏறிப் போய்விடுவார்கள். ஆசிரியர்கள் அங்கேயேதான் இருக்க வேண்டும். முதலில் உயர்நிலைப் பள்ளிக்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். எழுபதுகளில் டி.வி. மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போய், வேண்டுமானால் தொட்டுக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வந்தது.

நம் பக்கம் கதை கொஞ்சம் மரியாதையானது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ நேரடியாகத் தொலைக்காட்சி காட்டியது. விக்ரம் சாராபாய் கண்ட கனவு. நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. கிராமத்தில் வைத்த டிஷ் எதில் செய்தது தெரியுமா? கோழிக்கூண்டு வலையில். 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சமிக்ஞையைக் கோழி வலையில் பிடித்த அந்தப் பொறியாளர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கே. தமிழ்நாடு பட்டியலில் இல்லை. ஆந்திராவும் கர்நாடகமும் இருந்தன. நமக்கு அதே ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் கிடைத்தது. யாருக்கு லாபம் என்பதை எல்லையோர மக்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த மாணவர் கொழும்பில் இருந்தார். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது. ஆனால் அங்கே குடியிருந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வீட்டில் மட்டும் இந்தியப் பொறியாளர்கள் ஒரு டிஷ் வைத்துக் கொடுத்தார்கள். செயற்கைக்கோளை வானத்தில் ஒரே இடத்தில் நிறுத்தலாம் என்று 1945-லேயே எழுதிய மனிதர், முப்பது வருஷம் கழித்து இந்தியக் கிராமத்துப் பிள்ளைகளுக்கான பாடத்தைத் தன் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார். வீட்டுப்பாடம் செய்தாரா என்று பதிவு இல்லை.

இஸ்ரோக்காரர்கள் செய்த ஒரு காரியத்தை விமானக்காரர்கள் செய்யவில்லை. விடுமுறையில் பன்னிரண்டு நாள் ஆசிரியர்களையே டி.வி. முன்னால் உட்கார வைத்து, அறிவியலை எப்படிச் செய்து காட்டுவது என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெட்டி வாத்தியாரோடு மல்லுக்கு நிற்காமல் அவருக்கு வேலை செய்தது. ஒப்பந்தப்படி வருஷம் முடிந்தது. செயற்கைக்கோளை அமெரிக்கா இழுத்துக்கொண்டது.

இத்தனை ஜாம்பவான்களும் தோற்ற இடத்தில் சத்தமில்லாமல் ஜெயித்தது ஓ.எச்.பி. என்ற ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர். அமெரிக்க ராணுவத்தில் பயிற்சிக்குப் பயன்பட்டு, பௌலிங் விளையாட்டுக் கூடங்களில் ஸ்கோர் காட்டி, அறுபதுகளில் வகுப்புக்குள் நுழைந்த பெட்டி. குலம் கோத்திரம் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் அதில் மூன்று விஷயம் இருந்தது. அறையை இருட்டாக்க வேண்டாம்; ஆகவே கடைசி பெஞ்ச் தப்பிக்க முடியாது. ஆசிரியர் பிள்ளைகளுக்கு முதுகு காட்ட வேண்டாம், எழுதிக்கொண்டே முறைக்கலாம். பிடிக்கவில்லை என்றால் தாளை எச்சில் தொட்டு அழித்து மறுபடி எழுதலாம். நம் பி.எட். கல்லூரிகளில் பீரோவில் வைத்துப் பூட்டி, ஆய்வுக் குழு வரும் அன்றைக்கு மட்டும் வெளியே எடுத்துத் தூசி தட்டினாலும், எடுத்த உடனே எரிந்தது. எடிசனின் தீர்க்கதரிசனத்தைவிட அதன் பல்பு நம்பகமானது.

2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அடுத்த வருஷமே கொரோனா வந்து பள்ளிகளை மூடியது. எடிசன் சொன்ன நாள் ஒருவழியாக வந்தேவிட்டது: பள்ளி இல்லை, கரும்பலகை இல்லை, திரை மட்டுமே. அந்தத் திரையைப் போட்டுப் பார்த்தால், உள்ளே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் நம் அரசுப் பள்ளி ஆசிரியர்கள்.