கோப்பையின் அடிப்பாகம்: ஒரு தலைகீழ் ஆராய்ச்சி

மண்பாண்டக் கலைக்கூடங்களில் கையால் வனையப்படும் கோப்பை தேநீர் குடிப்பதற்கானது என்பது பொதுக் கருத்து. அது கவிழ்த்துப் பார்ப்பதற்கே செய்யப்படுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. என்னையெனின், கண்காட்சியில் கோப்பையைக் கையிலெடுப்பவர் அதன் வயிற்றில் தீட்டிய மீனை ஒரு நொடி பார்க்கிறார். பிறகு அதைத் தலைகீழாக்கி, அடியை நெடுநேரம் நோக்கி, ஏதோ விளங்கியவர்போல் "ம்ம்" என்கிறார். வனைந்தவரும் அருகில் நின்று அந்த "ம்ம்" எவ்வளவு நீளம் என்பதையே கவனிக்கிறார். வாயில் வைத்துப் பார்ப்பவர் எவருமில்லை.

உழைப்பின் கணக்கும் இதையே காட்டும். பழகிய கை சக்கரத்தில் ஒரு கோப்பையை எழுப்பச் சில நிமிடம் போதும். நூலால் அறுத்தெடுத்தபின், நகம் கீறும் ஆனால் விரல் பதியாது என்ற பதத்துக்கு அது காயும்வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் அந்தப் பதம் வரவே வராது. சித்திரையில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கடந்து போயிருக்கும். இவ்வளவு காத்திருப்பும் எதற்கு? கோப்பையைச் சக்கரத்தின்மேல் கவிழ்த்து, அடியைச் செதுக்கி, அது நிற்பதற்கு ஒரு வளையம் எடுக்கத்தான். முதல் சூளையிலிருந்து வந்ததும், கிளேஸில் முக்குமுன் அந்த வளையத்துக்கு மெழுகு பூச வேண்டும். ஸ்டோன்வேர் சூளையில் 1,250 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கிளேஸ் உருகிக் கண்ணாடியாகும்போது, அடியில் சிறிது தங்கியிருந்தாலும் கோப்பை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உளியும் சுத்தியலும்தான். ஆக, உடம்பெல்லாம் மூடிய கோப்பையில் மண் தன் சொந்த நிறத்தைக் காட்டும் இடம் அடி ஒன்றே. வயிற்றிலுள்ள மீனைத் தூரிகை நாலு வீச்சில் முடித்துவிடும். அடிக்கோ செதுக்கல், முத்திரை, மெழுகு, துடைப்பு, கடைசியில் மேசையைக் கீறாதிருக்க உப்புத்தாள் தேய்ப்பு என்று ஷோடசோபசாரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

வரலாற்றுச் சான்றும் உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலிய அரெட்டைன் வகைச் செங்கலத் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றின் அடித்தட்டில் குயவர் முத்திரை இருந்தது. அக்கலங்களின் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்ததால், அவற்றைப் பற்றிக்கொண்டே அரிக்கமேட்டின் காலத்தையும், உடன் கிடைத்த உள்ளூர்க் கலங்களின் காலத்தையும் கணித்தார்கள். அந்த முத்திரை அடித்தட்டின் உட்புறத்தில் அல்லவா இருக்கும் என்று நுணுக்கர் எழுவர். இருக்கட்டும். ரோமர் சாப்பிட்டு முடித்தபின் படித்தார். நாம் வாங்குமுன் படிக்கிறோம். அடி அடிதான். அதே புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் பலர் தனிக்கூடம் வைத்துவிட்டபடியால், அவ்வட்டாரத்தில் கவிழ்த்துப் பார்ப்பதற்குப் பஞ்சமில்லை.

அற்றேல், அடி பொய்யும் சொல்லுமே. சீனத்தில் காங்சி பேரரசர் காலத்துப் பீங்கானின் அடியில், சுமார் இருநூறு ஆண்டு முந்திய செங்ஹுவா ஆட்சியின் குறியை எழுதினார்களே எனின், எழுதினார்கள்தாம். யாரும் பார்க்காத இடத்தில் மெனக்கெட்டு எவன் பொய் எழுதுவான்? ஜப்பானின் ஹமாதா ஷோஜி தம் கலங்களில் கையொப்பமிடுவதையே விட்டுவிட்டாரே எனின், விட்டார். கலத்தை வைக்கும் மரப்பெட்டியில் எழுதினார். ஆகவே அவர் கலத்தைக் கையிலெடுப்பவர், கையொப்பம் இல்லை என்பதை உறுதிசெய்யக் கவிழ்க்கிறார்.

வலுவான ஆட்சேபம் ஒன்றுதான். விலைச்சீட்டு ஒட்டியிருப்பது அடியில். எனவே அந்த "ம்ம்" ரசனையல்ல, அதிர்ச்சி. இதை முழுதாகத் தள்ள முடியாது. ஆனால் அதே கோப்பையைப் பரிசாகப் பெறுபவரும், சீட்டை உரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று தெரிந்தும், கவிழ்க்கிறாரே. (சரியாக உரியாத மிச்சத்தைத் தேடுகிறார் என்பாரும் உளர்.)

எஞ்சுவது தேநீர். உள்ளே தேநீர் இருக்கையில் கோப்பையைக் கவிழ்க்க முடியாது. ஆகவே அதில் தேநீர் ஊற்றுவது அதன் பயனுக்கு இடையூறு. நம் குடும்பங்கள் இதை ஆய்வு எதுவுமின்றியே உணர்ந்து, கோப்பையை ஷோகேஸில் வெறுமையாக வைத்திருக்கின்றன. பெயர் பொறிப்பதிலும் நமக்கு ஒரு தெளிவு இருந்துவருகிறது. கீழடி, கொடுமணல் பானை ஓடுகளில் உடையவர் பெயர்கள் என்று கருதப்படுபவை பெரும்பாலும் கலத்தின் தோளில் கீறப்பட்டவை. செய்தவர் பெயர் அடியில், உடையவர் பெயர் பக்கத்தில். அவ்வழக்கின்படி, விருந்தாளி ஷோகேஸ் கோப்பையைக் கவிழ்த்து "ம்ம்" என்றுகொண்டிருக்கும்போது, அவருக்குத் தேநீர் வருவது விளிம்போரம் மாமியார் பெயர் வெட்டிய எவர்சில்வர் தம்ளரில்.