இறங்கத் தெரிஞ்சவன் ஏறட்டும், மாப்ளே!

அக்கா மகன்னு மட்டும் இருந்தா ‘வாடா, போடா’ன்னு வஞ்சு தீத்துருவேன். எம் மகளையும் கட்டித் தொலைச்சதுனால ‘வாங்க, போங்க’ போட்டு வைய வேண்டியிருக்கு. மரியாதை கொறஞ்சா மன்னிச்சுக்கோங்க மாப்ளே.

அமாவாசைக்குச் சதுரகிரி ஏறி எறங்குனீக. நல்ல காரியம். தாணிப்பாறை அடிவாரத்துல ஒரு போட்டோ, வழுக்குப்பாறையில ஒண்ணு, கோரக்கர் குகையில ஒண்ணு, பிலாவடி கருப்பசாமி முன்னால கையத் தூக்கிக்கிட்டு ஒண்ணு. சுந்தர மகாலிங்கத்தக் கும்பிட்டதுக்கு மட்டும் போட்டோவக் காணோம். மூச்சு வாங்கிட்டு இருந்திருப்பீக. அன்னிக்கி ராத்திரி போன்ல, “மாமா, ஒரு வலி கெடையாது, நான் இன்னும் எளவட்டந்தான்”னீக. நான் வாயத் தொறக்கல. மறுநாளும் தொறக்கல. அதுக்கு அடுத்த நாளு எம் மக பேசுனா: “அப்பா, இவரு மாடிப்படியில முதுகக் காட்டிக்கிட்டுப் பின்னுக்கயே எறங்குறாரு. எதுத்த வீட்டுக்காரக ஏதும் வேண்டுதலான்னு கேக்காக.”

இதுல அதிசயம் ஒண்ணுமில்ல. நம்ம சிவகாசிப் பயராபீசுல (பட்டாசு ஆபீசுதான்) திங்கக்கெழமை பாத்த வேலைக்குச் சனிக்கெழமதான கூலி? உடம்பும் அப்படித்தான் பட்டுவாடா பண்ணும். செஞ்ச அன்னிக்கே கணக்கு முடிக்காது. மறுநாளு எண்ணத் தொடங்கி, ரெண்டாம் நாளு மூணாம் நாளுல மொத்தமாக் கையில குடுக்கும். அஞ்சாறு நாள்ல பாக்கி தீந்துரும். வயசு கூடக் கூடப் பாக்கி இழுத்தடிக்கும், அம்புட்டுத்தான் வித்தியாசம். இந்த மறுநாள் வலிய தியோடர் ஹஃப்னு ஒரு அமெரிக்காக்காரரு 1902-லயே சோதிச்சுப் பாத்து எழுதி வச்சிட்டாரு. வேலை நேரத்துல வர்ற களைப்பு வேற, மறுநாளு வர்ற வலி வேற. மறுநாள் வலிக்குக் காரணம் தசைக்குள்ள விழுந்த கிழிசல்னு சொன்னாரு.

கிழிசல் எங்க விழுந்துச்சுன்னு நெனக்கீக? ஏறயிலன்னுதான் நெனப்பீக. ஏறயில தொடைத்தசை சுருங்கி உடம்ப மேல தூக்குது. மூச்சு வாங்கும், ஆனா தசைக்குப் பெரிய சேதம் இல்ல. எறங்கயிலதான் வம்பு. ஒவ்வொரு பாறையிலயும் உங்க உடம்பு தொபுக்கடீர்னு விழாமப் புடிச்சு நிறுத்துறது அதே தொடைத்தசைதான். நீண்டுக்கிட்டே இழுத்துப் புடிக்கணும். அந்த நீட்டத்துலதான் நாருக்குள்ள நுணுக்கமாப் பிரியுது. அதச் சரிபண்ண நீரும் வீக்கமும் வந்து சேருது, நீங்க பின்னுக்க நடக்குறீக. ஜிம்முல இருக்குற பய ‘லாக்டிக் ஆசிட்’னு சொன்னானாமே? அது எறங்கி முடிச்சு ஒண்ணு ஒன்றரை மணி நேரத்துலயே தசைய விட்டுப் போயிரும். நீங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல வண்டிய நிறுத்திப் பால்கோவா தின்னுக்கிட்டு இருந்தீகல்ல, அப்பவே போயிருக்கும்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். ஒரே வீட்டுக்குள்ள ஐசு, வெந்நீரு, நொச்சித்தழை, நாலு தைலம், ஒரு அட்டை மாத்திரைன்னு கண்காட்சியே வச்சிருக்கீகளாம். நொச்சித்தழை போட்டு வெந்நி ஊத்துங்க, இதமா இருக்கும். தைலம் தேச்சு மெதுவா நீவி விடுங்க, அதுவும் இதந்தான். ஆனா இதெல்லாம் வலிய மறக்க வைக்குமே ஒழிய, கிழிஞ்சதத் தைக்காது. தைக்கிறது நாளும் சோறும் தூக்கமும். சுளுக்கு வழிக்கிறேன்னு எவனையாவது கூப்புட்டுக் கட்டைவெரலால நச்சு நச்சுன்னு அழுத்த விட்டுராதீக. மெடிக்கல்ல நீங்களாக் கேட்டு வாங்குன வலி மாத்திரைய முழுங்கிட்டு, நம்ம ஊரு வெயில்ல தண்ணியும் குடிக்காம அலைஞ்சா கிட்னிக்கும் வயித்துக்கும் கேடு. எல்லாத்தையும் விடச் சுலுவான மருந்து ஒண்ணு இருக்கு: மெதுவா நடங்க. மொத நூறு அடிக்கு என்னைய வைவீக. அப்புறம் கால் சூடேறி, வலி கொஞ்சம் இறங்கிக் குடுக்கும்.

ஒரு விசயத்துல மட்டும் நான் வெளையாட மாட்டேன். மூத்திரம் காப்பித் தண்ணி நெறத்துல போனா ஒடனே ஆசுபத்திரி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாச் செவந்துருந்தாலும் அதே. மார அழுத்திக்கிட்டு வலி தோளுக்கோ தாடைக்கோ கைக்கோ பாஞ்சா, ‘மலையேறுன வலிதான்’னு சொல்லிக்கிட்டுப் படுக்கக் கூடாது. கொழுப்பு மாத்திரை சாப்புடுறீகல்ல? அதுலயும் சில பேருக்குத் தசைவலி வரும். நீங்களா நிறுத்தாம டாக்டரக் கேளுங்க. வாரம் தாண்டியும் போகாத வலி, மூட்டுக்குள்ள குத்துற வலி ரெண்டையும் வெறும் தசைவலின்னு விட்டுராம டாக்டரப் பாருங்க.

இப்ப என்ன சொல்லுதீக? “வயசாயிருச்சு மாமா, இனி மலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்”னா? இதுக்குத்தான் நான் இம்புட்டு நேரம் காத்துக்கிட்டு இருந்தேன். காலண்டர் அச்சாபீசு வச்சு வருசம் பூரா நாட்டுக்கே தேதி அச்சடிச்சுக் கிழிக்கக் குடுக்குறீக. இத்தன நாளும் அம்பத்தி மூணு வயசு உங்க கணக்குல வரல. காலு வலிச்ச ஒடனே வந்துருச்சாக்கும்!

முப்பது தாண்டுனா பத்து வருசத்துக்கு நூத்துக்கு மூணுல இருந்து எட்டுப் பங்கு வரைக்கும் தசை கொறையும். அறுவதுக்கு மேல இன்னும் வேகமாக் கொறையும். அதுலயும் சட்டுன்னு வேலை செய்யுற நாருதான் மொதல்ல போகும். அதனாலதான் எங்க வயசுக்காரக தடுக்குனா சுதாரிக்க முடியாம விழுந்து இடுப்ப ஒடச்சுக்குறோம். ஆனா வயசு தன் பங்குக்கு எடுக்குறது போக, நாம உக்காந்தே தொலைக்குறதும் இருக்கு. 1990-ல அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல மரியா ஃபியாதரோனேன்னு ஒரு டாக்டரம்மா, தொண்ணூறு வயசுக் கெழவன் கெழவிக பத்துப் பேரக் கால்ல எடை தூக்க வச்சாக. எட்டு வாரம். தாக்குப் புடிச்சு முடிச்சவகளுக்குத் தொடை பலம் சராசரியா 174 சதவீதம் கூடியிருந்துச்சு. தொண்ணூறுல தசை திரும்பி வருதுய்யா! அம்பத்தி மூணுல நீங்க ஓய்வு கேக்குறீக. நம்ம மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயசத் தாண்டியும் தோட்டத்துல எறங்கி வேலை பாத்தாக. 2021-ல பத்மஸ்ரீ குடுத்தாக. அந்தம்மாவுக்குக் காலு வலிச்சே இருக்காதுன்னா நெனக்கீக? வலிக்கிற காலோடதான் மறுநாளும் தோட்டத்துக்குப் போயிருப்பாக.

இன்னொரு சங்கதி. ஒரு தரம் வலிச்ச தசை, அதே வேலைக்கு அடுத்த தரம் அம்புட்டு வலிக்காது. சில வாரத்துக்கு அந்த ஞாபகம் அதுக்குள்ள நிக்கும். நம்பலேன்னா எம் மகளப் பாருங்க. அவளும் உங்ககூடத்தான மலையேறுனா? புளியோதரையும் தண்ணி பாட்டிலும் இருந்த பை யாரு தோள்ல இருந்துச்சு? வந்து எறங்குன ராத்திரி உலை வச்சது யாரு? மூணு மாடிக்கு ஈரத்துணி வாளியத் தூக்கிக்கிட்டுத் தினம் ஏறி எறங்குறவளுக்குத் தொடையில அந்த ஞாபகம் எப்பவும் இருக்கும். அதனால அவ முன்னுக்கத்தான் எறங்குறா. அவளுக்கும் வலி இருந்துச்சான்னு கேட்டீகளா? போன வருசம் முழங்கால் வலிக்குதுன்னு அவ சொன்னப்ப, “வயசாகுதுல்ல”ன்னு பேப்பரத் திருப்புனீக. உங்களுக்கு வந்தா மட்டும் தசை கிழிஞ்சுருது!

உங்க அத்தை கதையக் கேளுங்க. கொமரியா இருந்தப்பத் தீப்பெட்டி ஆபீசுல கட்டை அடுக்குனவ. பெறகு பயராபீசுல சரம் பின்னுனா. 2018-ல சுப்ரீம் கோர்ட்டு சரவெடிக்குத் தடை போட்டப்பத்தான் அந்த வேலையும் நின்னுச்சு. காலையில சாக்க விரிச்சுக் கால மடக்கி உக்காந்தா மத்தியானச் சோத்துக்குத்தான் எந்திரிப்பா. சாயங்காலம் அவ எந்திரிக்கிறதப் பாக்கணும்: ஒரு கை தரையில, ஒரு கை முழங்கால்ல. இடுப்புப் பாதி நிமிந்ததும் அப்படியே நிப்பா. மீதிப் பாதி நிமிர மனசு வரணும். அந்த வலிக்கு யாரும் இங்கிலீசுல பேரு வைக்கல, போட்டோவும் எடுக்கல. நீங்க காசு செலவழிச்சு வலி வாங்குனீக மாப்ளே. அவ வலிச்சுக் காசு வாங்குனா.

அந்த வலி பலம் குடுக்குற வலியும் இல்ல. மணிக்கணக்கா ஒரே மடக்குல கெடந்தா முழங்கால் மூட்டுத்தான் தேயும், தொடை பலக்காது. அவ சாக்குல மடங்கிக் கெடந்தா, நீங்க அச்சாபீசுல சுத்துற நாற்காலியில மடங்கிக் கெடக்கீக. ஏசி ஒண்ணுதான் கூட. ரெண்டு பேருக்கும் மருந்து ஒண்ணே: அரை மணிக்கு ஒருக்க எந்திரிக்கணும், கால நீட்டணும், நாலு எட்டு நடக்கணும். நீங்க மொதலாளி, பெல்லடிக்காம எந்திரிக்கலாம். ஒங்க பைண்டிங் செக்சன்ல தரையில உக்காந்து தாள் மடிக்கிற பிள்ளைகளுக்கும் அந்தப் பெல்ல அடிச்சு விடுங்க. புண்ணியத்துக்கு மலைதான் ஏறணும்னு இல்ல.

நடைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நேரு நம்ம சிவகாசியக் குட்டி ஜப்பான்னு சொன்னதாப் பெருமை பேசுதோம். அசல் ஜப்பான்ல, டோக்கியோவுல, நடக்குறதுக்குன்னே எட்டு கிலோமீட்டர் பாதை போட்டிருக்கான். அதப் பாத்துட்டு வந்து நம்ம சர்க்காரும் 2023 நவம்பர் 4-ந் தேதி மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதையத் தொறந்துச்சு. குட்டி ஜப்பான்காரகளுக்கு மட்டும் நடக்க நேரமில்ல, காலண்டர் சீசன்!

நம்ம ஊருக்குத் தீப்பெட்டித் தொழிலக் கொண்டாந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி போடணும்னு நெனச்சதும் மறுநாளே மருந்தக் கொழப்பல. 1922-ல கல்கத்தாவுக்குப் போயி, மாசக்கணக்குல கத்துக்கிட்டு வந்துதான் தொழில ஆரம்பிச்சாக. நீங்க மெத்தையில இருந்து எந்திரிச்சு நேரா மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனீக. நீங்க ஏறுன அந்தக் காடு 2021-ல இருந்து புலிகள் காப்பகம். புலி வந்திருந்தா அதுக்கும் முதுகக் காட்டித்தான் எறங்கியிருப்பீக.

அதனால கேளுங்க. மலைக்கு முந்தி மாடிப்படியில பழகுங்க. ஏறும்போது வேகமாப் போங்க, எறங்கும்போது பைய எறங்குங்க. அந்தப் பைய எறங்குறதுதான் பாடம். வாரத்துல ரெண்டு நாளு தொடைக்கும் தோளுக்கும் பாரம் குடுங்க. வாளித் தண்ணி போதும், எம் மக வாளி காட்டுவா. வலி இருக்குற நாளு பாரத்த விடுங்க, நடைய விடாதீக. இருவது வயசுல மேலரத வீதியில தேர் இழுத்த கதையத் தசைகிட்டச் சொல்லாதீக. போன மாசம் என்ன செஞ்சீகன்னுதான் அது கேக்கும்.

சோத்துக்கும் கணக்கு இருக்கு. ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம்னு நம்ம நாட்டு ஊட்டச்சத்துக்காரக சொல்லுதாக. வயசானவகளுக்கு ஒரு கிராமுக்குக் கொறையாம வேணும்னு வைத்தியருக பல பேரு சொல்லுதாக. கிட்னிக் கோளாறு இருந்தா மட்டும் டாக்டரக் கேட்டுட்டுக் கூட்டணும். ஒரு முட்டையில ஆறு கிராம்தான். எழுவது கிலோ மாப்ளே, நீங்களே பெருக்கிக்கோங்க. உளுந்தங்களி, பொரிகடலை, மொச்சை, மீனு, மோருன்னு வேளைக்கு வேளை பிரிச்சுத் தின்னுங்க. பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடுதான் குடுத்தாக. மருந்துன்னு யாரும் சான்றிதழ் குடுக்கல. விருதுநகர்ப் பொரிச்ச பரோட்டா பத்தி நான் பேசல, எனக்கும் ஆசை உண்டு.

கடைசியா ஒண்ணு. பிரேசில்ல அராவுஜோன்னு ஒரு டாக்டரு, 51-ல இருந்து 80 வயசு வரைக்கும் ரெண்டாயிரம் பேரத் தரையில உக்காந்து எந்திரிக்கச் சொன்னாரு. உக்கார அஞ்சு மார்க்கு, எந்திரிக்க அஞ்சு மார்க்கு. கையூனுனா ஒண்ணு கழிவு, முழங்கால் ஊனுனா ஒண்ணு கழிவு. கொறஞ்ச மார்க்கு எடுத்தவகதான் அடுத்து வந்த வருசங்கள்ல கூடுதலாச் செத்துப் போயிருக்காகன்னு 2012-ல எழுதுனாரு. நம்ம பந்தியில காலங்காலமா நடந்த பரீட்சைய, டைனிங் டேபிள் வாங்கி நாமதான் நிறுத்தி வச்சிருக்கோம்.

வலியெல்லாம் தீரட்டும். அடுத்த ஞாயித்துக்கெழமை நம்ம வீட்டுல கெடாக்கறி. பந்தி தரையிலதான். கையூனி எந்திரிச்சா ஒரு கறித்துண்டு கழிவு, முழங்கால் ஊனுனா இன்னொண்ணு கழிவு. கழிச்சதெல்லாம் எம் மக எலைக்குப் போயிரும். அவளப் பெரிய எலையாப் போட்டு உக்காரச் சொல்லியிருக்கேன்.